புலி இல்லாத ஊரில் யாரிடம் ஜாக்கிரதையாக இருக்கணும்?

தை மாதம் ஐந்தாம் நாள் வந்துவிட்டால் மணலூர்பேட்டை தென்பெண்ணை ஆற்றில் கால் வைக்க இடம் இருக்காது. திருவண்ணாமலையில் இருந்து அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு வருவார். அவரைப் பார்க்க சுற்றுப்பட்டு ஊர்களே மணலில் இறங்கிவிடும். ராட்டினம், பஞ்சு மிட்டாய், பொரி, வளையல் கடை, பொம்மைக் கடை என்று திருவிழாவுக்கு வேண்டிய எல்லாம் இருக்கும்.

திருவிழாப் பொம்மைக் கடைகளில் தவறாமல் இரண்டு பேரைப் பார்க்கலாம். ஒருவர், பல்லைக் காட்டி முறைக்கும் புலி முகமூடி. இன்னொருவர், கழுத்தில் ரிப்பன் கட்டிய கரடி பொம்மை. புலியைப் பார்த்து வீல் என்று அழும் அதே பாப்பா, கரடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அம்மா தோளில் தூங்கியபடியே வீட்டுக்குப் போகும்.

குட்டீஸ், இந்த வாரக் கதை இங்கேதான் ஆரம்பிக்கிறது. மணலூர்பேட்டையில் புலி கிடையாது. சிங்கம் பார்க்க வேண்டும் என்றால் வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குத்தான் பஸ் ஏற வேண்டும். அப்படியானால் இந்த ஊரில் ஆபத்தான காட்டு உயிரினமே இல்லையா? இருக்கிறது. ஆனால், அவை ஆபத்தானவை மாதிரி தெரியாது. சில அழகாக இருக்கும். சில தூங்குவது மாதிரி கிடக்கும். ஒன்று, கடித்ததுகூடத் தெரியாமல் கடித்துவிட்டுப் போகும். அதைப் பற்றிக் கடைசியில் நிதானமாகப் பேசலாம். அப்பா அம்மாவும் தாத்தா பாட்டியும் அந்தப் பகுதியைக் கட்டாயம் சேர்ந்து படிக்கணும்.

பொம்மையாகிப்போன கரடி

கரடி பொம்மைக்கு 'டெடி பேர்' என்ற பெயர் எப்படி வந்தது தெரியுமா? 1902-ல் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் வேட்டைக்குப் போனார். அவருக்காக ஒரு கரடியைப் பிடித்து மரத்தில் கட்டிவைத்தார்கள். கட்டிப்போட்ட கரடியைச் சுட மாட்டேன் என்று அவர் மறுத்துவிட்டார். அதைக் கேலிச்சித்திரமாகப் பத்திரிகையில் போட்டார்கள். ஒரு கடைக்காரர் கரடி பொம்மை செய்து, அதிபரின் செல்லப் பெயரான 'டெடி'யையே அதற்கு வைத்தார். அன்றிலிருந்து உலகம் முழுக்கக் கரடி என்றால் மெத்து மெத்து பொம்மைதான்.

நம் ஊர் கரடிக்கு இந்தக் கதை தெரியாது. கிழக்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வாழ்வது தேன் கரடி. கறுத்த சடை முடி, நெஞ்சில் வெள்ளையாக ஆங்கில 'வி' எழுத்துபோல ஓர் அடையாளம், விரல் நீளத்துக்கு வளைந்த நகங்கள். இதற்குப் பிடித்த சாப்பாடு கறையான். புற்றை நகத்தால் பிளக்கும். மேல் வரிசையில் முன்பற்கள் இரண்டு இல்லாததால் அங்கே ஓர் இடைவெளி இருக்கும். அந்த ஓட்டை வழியாகக் கறையான்களை வேக்குவம் கிளீனர் மாதிரி 'சர்ர்ர்' என்று உறிஞ்சும். நூறு மீட்டருக்கு அப்பால்கூட அந்தச் சத்தம் கேட்கும். குட்டிகளை முதுகில் உப்புமூட்டை ஏற்றிக்கொண்டு நடக்கும். கேட்கக் கேட்க ஆசையாக இருக்கிறது, இல்லையா?

சிக்கலே அந்த உறிஞ்சும் சத்தத்தில்தான் இருக்கிறது. சாப்பிட ஆரம்பித்தால் கரடிக்குப் பக்கத்தில் யார் வருகிறார்கள் என்று கேட்காது. கண் பார்வையும் சுமார்தான். சடாரென்று தலை தூக்கிப் பார்க்கும்போது பத்தடி தூரத்தில் ஒரு மனிதர் நின்றால், கரடிக்கு உயிர் போகிற பயம் வந்துவிடும். புலி, யானை நடமாடும் காட்டில் வாழ்ந்து பழகிய இனம் அது. ஓடித் தப்பிப்பதைவிடத் திரும்பித் தாக்குவதுதான் அதன் வழக்கம். பின்னங்காலில் எழுந்து நின்று மனிதரின் முகத்தையும் தலையையும் நகத்தால் கிழித்துவிடும். தின்பதற்காக அல்ல. 'போய்விடு' என்று சொல்கிறது, அவ்வளவுதான்.

கல்வராயன் மலையில் கடுக்காய் பொறுக்கவும் தேன் எடுக்கவும் போகிறவர்களைப் பாருங்கள். வாயை மூடிக்கொண்டு தனியாக நடக்க மாட்டார்கள். நாலு பேராகச் சேர்ந்து, சத்தமாகப் பேசிக்கொண்டுதான் போவார்கள். மனிதர்கள் வருவது முன்கூட்டியே காதில் விழுந்தால் கரடி தானாகவே விலகிப் போய்விடும்.

சிரிக்கிற குரங்கு சிரிக்கவில்லை

கிரிவலம் போயிருக்கிறீர்களா? திருவண்ணாமலை பக்கம் போனால் வாழைப்பழப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். தலையில் வகிடு எடுத்துச் சீவியது மாதிரி முடி வைத்த நாட்டுக் குரங்குகள் அங்கே நிறைய உண்டு. குரங்கு பல்லைக் காட்டினால், "அம்மா, சிரிக்குது பாரு!" என்று நாமும் பதிலுக்குப் பல்லைக் காட்டுவோம். செல்ஃபி வேறு.

குரங்கு மொழியில் பல் தெரிவது சிரிப்பு அல்ல. 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்று அர்த்தம். வாயை அகலத் திறந்து கண்ணுக்குக் கண் முறைத்தால், 'கிட்ட வந்தால் கடிப்பேன்' என்று அர்த்தம். பதிலுக்கு நாமும் பல்லைக் காட்டி முறைத்தால் அதற்கு என்ன புரியும்? சண்டைக்கு வருகிறோம் என்றுதான் புரியும்.

குரங்கு கடித்தாலோ பிறாண்டினாலோ வீட்டில் திட்டுவார்களே என்று மறைக்கக் கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நாய்க்கடிக்குப் போடும் ரேபிஸ் தடுப்பூசி இதற்கும் போடுவார்கள். இப்போதெல்லாம் தொப்புளைச் சுற்றி ஊசி கிடையாது. பாட்டி சொல்லும் அந்தப் பழைய கதைக்குப் பயந்துகொண்டு மறைக்க வேண்டாம்.

ஆற்றில் மிதப்பது கட்டையா?

மணலூர்பேட்டைக்கு ஆறு எங்கிருந்து வருகிறது? மேற்கே சாத்தனூர் அணையில் இருந்து. அணையைப் பார்க்கப் போகிறவர்கள் முதலைப் பண்ணையையும் பார்க்காமல் திரும்ப மாட்டார்கள். அங்கே இருப்பவை சதுப்பு நிலத்து முதலைகள். வாயைத் திறந்தபடி சிமென்ட்டில் செய்து வைத்தது மாதிரி மணிக்கணக்கில் அசையாமல் கிடக்கும். "இது நிஜமா, பொம்மையா?" என்று கேட்காத குழந்தை கிடையாது.

அந்த அசையாமை சோம்பேறித்தனம் இல்லை. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1976-ல் தொடங்கிய முதலைப் பண்ணையில் ஆராய்ச்சியாளர்கள் ஒரு வேடிக்கையைப் பதிவுசெய்தார்கள். கொக்குகள் கூடு கட்டும் காலத்தில் அவற்றுக்குச் சுள்ளி தேவைப்படும். அந்த நேரத்தில் முதலைகள் மூக்கின் மேல் சுள்ளிகளை வைத்துக்கொண்டு தண்ணீருக்குள் அசையாமல் காத்திருந்தன. 'ஆகா, சுள்ளி!' என்று கொக்கு குனிந்தால், அப்புறம் கொக்கு இல்லை. 2013-ல் இது வெளியானபோது உலகமே ஆச்சரியப்பட்டது. தூண்டில் போடத் தெரிந்த முதலை!

மணலூர்பேட்டை மணலில் விளையாடும் பிள்ளைகள் இதற்காகப் பயந்து நடுங்க வேண்டாம். அணை, ஏரி என்று எங்கேயாவது 'முதலை நடமாட்டம் உள்ளது, இறங்காதீர்' என்று பலகை இருந்தால், அதன் பக்கத்தில் நின்று "எங்கே, ஒண்ணையும் காணோமே" என்று சொல்லாமல் இருந்தால் போதும். காணாமல் இருப்பதுதான் முதலையின் வேலையே.

பனை மரத்துப் பானை

பனை மரத்து மட்டைக்கு இடையில் பெரிய மண் பானையைக் கவிழ்த்தது மாதிரி தொங்குகிறதே, அதுதான் கதண்டுக் கூடு. சில ஊர்களில் கதம்ப வண்டு என்பார்கள். வண்டு என்று பெயர் வந்துவிட்டதே தவிர, இது குளவி இனம். தேனீ ஒருமுறைதான் கொட்டும். கொடுக்கு நம் தோலில் மாட்டிக்கொள்ளும், தேனீ செத்துவிடும். கதண்டுக்கு அந்தக் கவலை இல்லை. கொட்டிய கொடுக்கை உருவி மறுபடியும் கொட்டும், மறுபடியும் கொட்டும். ஒன்றிரண்டு கொட்டினால் வலியும் வீக்கமும்தான். ஆனால், கூட்டமாகச் சேர்ந்து கொட்டினால் பெரியவர்களுக்கே சிறுநீரகம் பாதிக்கப்படும். சிலருக்கு ஒவ்வாமையால் ஒரே கொட்டில்கூட மூச்சு திணறும். தமிழ்நாட்டுக் கிராமங்களில் கதண்டு கொட்டி உயிரிழந்தவர்கள் பற்றிய செய்தி வராத வருடமே கிடையாது.

கதண்டு யாரையும் தேடி வந்து கொட்டுவதில்லை. பெரும்பாலும் யாரோ கல் எறிந்திருப்பார்கள், இல்லையென்றால் கீழே சருகைக் கொளுத்திப் புகை போட்டிருப்பார்கள். எறிந்தவர் ஓடிவிடுவார். பின்னால் மாடு ஓட்டிக்கொண்டு வரும் ஆயாதான் மாட்டிக்கொள்வார். இதில் எல்லாம் வீரம் காட்டக் கூடாது. கூட்டைப் பார்த்தால் பெரியவர்களிடம் சொல்லுங்கள். அவர்கள் தீயணைப்பு நிலையத்துக்குச் சொன்னால், அதற்கான உடை போட்டுக்கொண்டு இரவில் வந்து அகற்றுவார்கள்.

பாறையிலும் உயர்ந்த மரக் கிளையிலும் அகலமாகத் தொங்கும் மலைத்தேனீயும் இப்படித்தான். அதன் கூட்டைத் தூரத்தில் நின்று பார்த்தால் ஓர் அதிசயம் தெரியும். குளவி பக்கத்தில் வந்தால், ஆயிரக்கணக்கான தேனீக்கள் வரிசையாக வயிற்றைத் தூக்கித் தூக்கி இறக்கும். கிரிக்கெட் மைதானத்தில் கூட்டம் எழுந்து எழுந்து உட்காருமே, அந்த அலை மாதிரி. அலையைக் கண்டு குளவி மிரண்டு போய்விடும். ஒரு தேனீ கொட்டிவிட்டால் அந்த இடத்தில் வாழைப்பழ வாசனை மாதிரி ஒன்று கிளம்பும். மற்ற தேனீக்களுக்கு அது 'இங்கே வாங்க, இவர்தான்!' என்று கொடுக்கும் சிக்னல். அதனால், ஒன்று கொட்டினால் அங்கேயே நின்று தேய்த்துக்கொண்டிருக்காமல் ஓடிப்போய் வீட்டுக்குள்ளோ வண்டிக்குள்ளோ புகுந்துகொள்ள வேண்டும்.

பெரிய தேளா, சின்னத் தேளா?

உங்கள் முன்னால் இரண்டு தேள்கள். ஒன்று கருந்தேள். உள்ளங்கை அளவு, நண்டு மாதிரி தடித்த கொடுக்கிகள். இன்னொன்று செந்தேள். விரல் நீளம்தான் இருக்கும். ஒல்லிக் கொடுக்கிகள், செம்பழுப்பு நிறம். எது ஆபத்து?

நிறைய பேர் கருந்தேளைத்தான் காட்டுவார்கள். விடை தப்பு. கருந்தேள் கொட்டினால் 'ஐயோ அம்மா' என்று வலிக்கும், பிறகு சரியாகிவிடும். செந்தேள் அப்படி இல்லை. அதன் விஷம் சின்னப் பிள்ளைகளின் இதயத்தையே தாக்கும். உடம்பெல்லாம் குப்பென்று வியர்க்கும், கை கால் சில்லிட்டுப்போகும், வாந்தி வரும், நெஞ்சு படபடக்கும். பிடிக்கும் கொடுக்கி மெலிந்து வால் தடித்திருந்தால் கூடுதல் கவனம் தேவை என்பது தேள் ஆராய்ச்சியாளர்களின் பொதுக்கணக்கு. பலமான கொடுக்கி இருப்பவருக்கு விஷம் எதற்கு? கொடுக்கி மெலிந்தவர்தானே விஷத்தை நம்ப வேண்டும்! செந்தேளின் அறிவியல் பெயரில் இரண்டாம் பாதி 'டாமுலஸ்'. எந்த ஊரை நினைத்து அப்படி வைத்திருப்பார்கள் என்று நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள்.

மகாராஷ்டிராவில் மகாட் என்ற சின்ன ஊர். அங்கே செந்தேள் கொட்டி வரும் குழந்தைகள் கண் முன்னால் இறந்துபோவதைப் பார்த்து மனம் பொறுக்காமல் ஒரு டாக்டர் ஆராய்ச்சியில் இறங்கினார். அவர் பெயர் ஹிம்மத்ராவ் பவஸ்கர். பெரிய ஆய்வகம் எதுவும் அவரிடம் இல்லை. கொட்டுப்பட்டு வந்தவர்களின் கட்டில் பக்கத்திலேயே ராத்திரி பகலாக உட்கார்ந்து, நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் எழுதிக்கொண்டே இருந்தார். ரத்தக் கொதிப்புக்குக் கொடுக்கும் 'பிரசோசின்' என்ற சாதாரண மாத்திரையே இதற்கு மருந்து என்று கண்டுபிடித்தார். அதுவரை கொத்துக் கொத்தாகப் போன உயிர்கள் பிழைக்க ஆரம்பித்தன. 2022-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கொடுத்தார்கள். நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போனால் தேளுக்கு மருந்து உண்டு என்று தைரியமாகச் சொல்ல முடிவது அவரைப் போன்றவர்களால்தான்.

கொசுறாக ஒரு விஷயம். இருட்டில் புற ஊதா விளக்கு அடித்தால் தேள் பச்சையும் நீலமுமாகப் பளபளவென்று ஒளிரும். அந்த விளக்கு இல்லாதவர்கள், காலையில் செருப்பையும் ஷூவையும் தலைகீழாகத் தட்டிவிட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

கடித்ததே தெரியாமல் கடிக்கிறவர்

இப்போது அந்தக் கடைசி ஆள்.

பாம்பு என்றாலே எல்லோருக்கும் நாகப்பாம்புதான் நினைவுக்கு வரும். படம் எடுக்கும், சீறும், சினிமாவில் நடிக்கும். உண்மையில் படம் எடுப்பது நாகம் நமக்குச் செய்யும் உபகாரம். 'நான் இங்கே இருக்கேன், தள்ளிப் போ' என்று சொல்லிவிடுகிறது. கண்ணாடி விரியனும் குக்கர் விசில் மாதிரி சீறி எச்சரிக்கும். (தடித்த உடம்பில் வட்ட வட்டமாக இருப்பதைப் பார்த்து, மலைப்பாம்புக் குட்டி என்று அதைக் கையில் தூக்கியவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம்.) ஒரு முழ நீளம்கூட இல்லாத சுருட்டை விரியனும் செதில்களை உரசி, ரம்பம் அறுப்பது மாதிரி சத்தம் போடும்.

கட்டுவிரியன் ஒன்றுமே சொல்லாது.

பளபளக்கும் கறுப்பு உடம்பு. குறுக்கே மெல்லிய வெள்ளைக் கோடுகள். பெரும்பாலும் மூன்றடி நீளம். பகலில் பார்த்தால், உலகத்திலேயே இதைவிடச் சாதுவான பாம்பு கிடையாது என்று தோன்றும். சுருண்டு, தலையை உடம்புக்குள் ஒளித்துக்கொண்டு கிடக்கும். இரவு வந்தால் வேறு ஆள். எலி, பல்லி, மற்ற பாம்புகள் என்று வேட்டையாடிக்கொண்டே ஊர்ந்து வரும். வாசலில் அடுக்கிய விறகு, செங்கல், கரும்புச் சோகை, வைக்கோல் போர் எல்லாவற்றிலும் எலி இருக்கும். எலி இருக்கும் இடத்துக்கு அது வரும். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு போகும் ஊர்களில் எலிக்கா பஞ்சம்? கதவிடுக்கு வழியாக அப்படியே வீட்டுக்குள்ளும் வந்துவிடும். தரையில் பாய் விரித்து வரிசையாகப் படுத்திருக்கும் பிள்ளைகளில் யாராவது தூக்கத்தில் புரண்டு அதன் மேல் கை போட்டால், கடித்துவிடும்.

அதன் பல் மிகச் சின்னது. எறும்பு கடித்தது மாதிரி, கொசு கடித்தது மாதிரி ஒரு சுருக். சில நேரம் அதுகூட இருக்காது. வீக்கம் இருக்காது, ரத்தம் இருக்காது. தேடினாலும் பல் தடம் தெரியாது. பிள்ளை திரும்பிப் படுத்துத் தூங்கிவிடும்.

விடியற்காலையில் "அம்மா, வயிறு வலிக்குது" என்று எழும். வீட்டில் என்ன நினைப்பார்கள்? ராத்திரி சாப்பிட்டது சேரவில்லை என்று ஓமத் தண்ணீர் கொடுப்பார்கள். கொஞ்ச நேரத்தில் வாந்தி. பிறகு கண் இமை தானாகச் சொருகும். தூக்கக் கலக்கம் என்று தோன்றும். அடுத்து எச்சில் விழுங்க முடியாது, பேச்சு குழறும். அதற்குப் பிறகு மூச்சு.

ஏன் இப்படி ஆகிறது? மூளைதான் உடம்புக்குத் தலைமை அலுவலகம். 'இமையைத் தூக்கு', 'மூச்சை இழு' என்று நரம்பு வழியாகத் தசைகளுக்கு ஓயாமல் மெசேஜ் அனுப்பிக்கொண்டே இருக்கும். கட்டுவிரியன் விஷம், நரம்பும் தசையும் சேரும் இடத்தில் போய் அந்தச் சிக்னலை வெட்டிவிடும். மூளை கூப்பிடும், தசைக்குக் கேட்காது. முதலில் இமை, கடைசியில் நெஞ்சு.

சில ஊர்களில் இதை 'எட்டடி விரியன்' என்பார்கள். கடித்தால் எட்டு அடி வைப்பதற்குள் உயிர் போய்விடுமாம். பாம்பைவிட இந்தப் பெயர் ஆபத்தானது. 'இனி ஒன்றும் செய்ய முடியாது' என்று கையை விரிக்க வைத்துவிடும். உண்மை அதற்கு நேர் எதிர். மருத்துவமனைக்குப் போய்ச் சேர நேரம் இருக்கும். ஆனால், அந்த நேரத்தை யாரும் வீணாக்கக் கூடாது. கயிறு கட்டுவது, கீறுவது, வாய் வைத்து உறிஞ்சுவது, பச்சிலை, மந்திரிப்பு எல்லாமே வீணாகும் நிமிடங்கள். கடிபட்டவரை நடக்க விடாமல், கை காலை அதிகம் ஆட்டாமல் தூக்கிக்கொண்டு போக வேண்டும். 108-ஐக் கூப்பிடலாம். ஆம்புலன்ஸ் வரத் தாமதமானால் கிடைத்த வண்டியில் கிளம்பிவிடலாம். கல்வராயன் மலையின் உள் கிராமங்களில் இருந்து இறங்கி வருவதற்கே நேரம் பிடிக்கும். அங்கே ஒவ்வொரு நிமிடமும் கூடுதல் விலை.

மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து ஏற்றுவார்கள். அரசு மருத்துவமனைகளில் அதற்குக் காசு கிடையாது. மூச்சு தளர்ந்துவிட்டால் செயற்கை சுவாசக் கருவி வைப்பார்கள். உடம்பு மீண்டு வரும்வரை, பிள்ளைக்காக அந்தக் கருவியே மூச்சு விடும். அப்படிச் சில நாட்கள் கருவியில் இருந்துவிட்டு, எழுந்து பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் தமிழ்நாட்டில் நிறைய பேர் உண்டு.

அந்த மருந்து எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் இன்னொரு நல்ல கதை கிடைக்கும். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பாம்புத் தோல் வியாபாரம் நின்றது. பாம்பு பிடிப்பதைத் தவிர வேறு தொழில் தெரியாத இருளர் மக்களுக்குப் பிழைப்பு போயிற்று. ரோமுலஸ் விட்டேக்கர் என்ற பாம்பு ஆராய்ச்சியாளர் துணையோடு 1978-ல் வடநெம்மேலியில் அவர்களுக்கென்று ஒரு கூட்டுறவுச் சங்கம் உருவானது. பாம்பைப் பிடித்து வந்து, மூன்று வாரம் பானையில் வைத்து, வாரம் ஒருமுறை விஷம் எடுத்துக்கொண்டு, மறுபடியும் காட்டில் விட்டுவிடுவார்கள். அந்த விஷத்தைத் துளித்துளியாகக் குதிரைக்குச் செலுத்துவார்கள். குதிரையின் உடம்பு எதிர்ப்புப் பொருளைத் தயாரிக்கும். அதைப் பிரித்தெடுத்துத்தான் மருந்து செய்கிறார்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்து ஒரே மருந்து. ஆகவே, எந்தப் பாம்பு கடித்தது என்று துரத்திப் பிடித்துப் பையில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய அவசியமே கிடையாது. 2023-ல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பாம்புகளோடு வாழ்ந்து, அந்த அறிவுக்காகவே உலகம் சுற்றி வந்தவர்கள் அவர்கள்.

பெரியவர்களுக்கு ஒரு கணக்கு. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்திருக்கிறார்கள். அதில் நான்கில் ஒருவருக்கு மேல் 15 வயது நிரம்பாத பிள்ளைகள். பெரும்பாலானோர் கிராமத்தில், தங்கள் வீட்டிலேயே இறந்துபோனவர்கள். தமிழ்நாட்டில் 2024 நவம்பரில்தான் பாம்புக்கடி, மருத்துவமனைகள் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய ஒன்றாக அறிவிக்கப்பட்டது. அடுத்த மாதமே ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணை திறந்து, தென்பெண்ணைக் கரை ஊர்களுக்குள் வெள்ளம் புகுந்தது. வெள்ளம் வந்தால் வளையை இழந்த எலியும் பாம்பும் மேடான இடம் தேடும். மேடான இடம் என்றால் வீடுகள்தானே?

பயமாக இருக்கிறதா குட்டீஸ்? கட்டுவிரியனிடம் இருந்து தப்பிக்கப் பெரிய ஆயுதம் எதுவும் வேண்டாம். ஒரு கட்டில். கட்டில் இல்லாத வீட்டில் கொசுவலை. வலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் சுற்றிலும் செருகிவிட வேண்டும். கொசுவும் வராது, பாம்பும் வராது. ராத்திரி ஒன்றுக்குப் போக எழுந்தால் டார்ச். விறகும் செங்கல்லும் வீட்டுச் சுவரை ஒட்டி வேண்டாம். கோழிக் கூண்டுக்குள்ளும் வைக்கோல் போருக்குள்ளும் பார்க்காமல் கை விட வேண்டாம்.

இன்னொன்று. கட்டுவிரியன் மாதிரியே கறுப்பில் வெள்ளைக் கோடு போட்ட விஷமில்லாத பாம்பும் ஒன்று உண்டு. அதன் பெயர் வெள்ளிக்கோல் வரையன். வீடுகளுக்குள் அடிக்கடி வருவதும் அதுதான். 'இது வரையன்தான், ஒன்றும் செய்யாது' என்று கண்டுபிடிக்கும் வேலை உங்களுடையது அல்ல. உங்கள் வேலை, தள்ளி நின்று ஒரு பெரியவரைக் கூப்பிடுவது.

இன்னொரு வேலையும் இருக்கிறது. ராத்திரி தூக்கத்தில் எதுவோ சுருக்கென்று கடித்தால், எறும்பாக இருந்தாலும் சரி, கொசுவாக இருந்தாலும் சரி, அம்மாவையோ ஆயாவையோ எழுப்பி விளக்கைப் போடச் சொல்ல வேண்டும். "பேசாம படு"ன்னு அவர்கள் சொன்னாலும் மறுபடியும் எழுப்பலாம். அன்றைக்கு மட்டும் யாரும் திட்டக் கூடாது என்று இந்த வாரமே வீட்டில் பேசி வைத்துக்கொள்ளுங்கள். காலையில் கண் இமை சொருகினாலோ, காரணம் இல்லாமல் வயிறு வலித்தாலோ, "ராத்திரி ஏதோ கடிச்சுது" என்ற ஒரு வரியை மறக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். பல் தடம் தெரியாத கடியைக் கண்டுபிடிக்க டாக்டருக்கு அந்த வரி பெரிய உதவி.

அடுத்த வாரம்: எறும்புதின்னி ஏன் பந்து மாதிரி சுருள்கிறது?